கடன்பட்ட அறிவு

அண்மையில் பதுளை நகரில் வைத்தியர் மாநாடு ஒன்று கூடிற்று. கிராமங்களிலும் தோட்டங்களிலும் நோயாளரை முதன்முதற் சந்திக்கும் வைத்தியர்களும், அவ்வைத்தியத்தைப் பல்கலைக்கழகங்களிலே கற்பிப்போரும் தத்தம் ஆராய்ச்சிகளையும் அனுபவங்களையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை ஒன்றும் இல்லை. நம்மிடம் பத்தாந் தரத்திலே தமிழ் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் இன்று வைத்தியனாகியிருக்கிறான். அம்மாநாட்டில் அவனும் ஒரு கட்டுரை படிப்பதாக இருந்தது. "நீங்க கட்டாயம் வரணும், சேர்" என்றான். போனோம்; கடைசி வரிசையில் அமர்ந்தோம்.

அங்கே கண்டவற்றுட் பல நமக்கு மகிழ்ச்சி தந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரை வைத்தியரைத் தூற்றுவதற்கு எழுந்ததன்று. தலை நரைத்த வைத்தியர் ஒருவர், குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுப்போர் ஏன் இடைநடுவில் நின்றுவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர், தாம் கையாண்ட வழி பலிக்கவில்லை என்பதையும் சபையிலே ஒளிக்காமற் சொன்னார். இளையவர்கள் அவரை மறித்துக் கேள்வி கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. மாணவர்களை வகுப்பறையிலே மட்டும் வைத்திராமல், ஆளுக்கொரு குடும்பத்தைப் பொறுப்பளித்து அவ்வீட்டுக்கே அனுப்பிக் கற்பிக்கும் முறை பற்றி வேறொருவர் பேசினார். கண்டதைத் தமக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாமல் பலர் முன்னிலையில் வைத்து, பிழையிருந்தாற் காட்டுங்கள் என்று நிற்பது பெரிய பண்பு.

நம்முடைய பழைய மரபில் இப்பண்பு அருகியே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவ நூல்களின் பரிபாஷையை நோக்குக. ஒரு பொருளுக்குப் பல மறைபெயர். ஒரு பெயருக்குப் பல பொருள். குருவின் வாய்மொழி கிடைக்காதவனுக்கு ஏடு கையிலிருந்தும் பயனில்லை. தகுதியற்றவன் கையில் நஞ்சு சேர்ந்துவிடக் கூடாதென்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். இருக்கலாம். ஆனால் மறைத்தவன் இறந்தபோது மருந்தும் அவனோடு இறந்தது. விஷக்கடி வைத்தியர் ஒருவர் கண்மூடியதும், பெற்ற மகனுக்குக்கூடத் தெரியாமல் அவருடைய வைத்தியமும் சாம்பலாகிப் போன கதையை நம் ஊர்களிற் கேளாதார் யார்? அந்த இருளோடு ஒப்பிட்டால் இந்த மண்டபம் வெளிச்சமானதுதான்.

ஆனால் அவ்வெளிச்சம் மண்டபத்து வாசலோடு நின்றுவிட்டது.

நம் மாணவனின் கட்டுரை தோட்டக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றியது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நிறுத்தும் கிடத்தியும் அளந்து, தாய்மாரிடம் கேள்வி கேட்டுக் கணக்கிட்டு எழுதியது. ஆங்கிலத்தில் வாசித்தான், நன்றாகவே வாசித்தான். லயத்திற் பிறந்து வளர்ந்தவன் அச்சபையிலே அச்சமின்றி நின்றதைக் கண்டு நாம் அடைந்த பெருமிதத்தை மறைப்பதற்கில்லை. பிள்ளைகள் வளராமைக்குத் தாய்மாருக்குப் பாலூட்டல் பற்றிய அறிவு போதாமை ஒரு முக்கிய காரணம், அவர்களுக்குக் கல்வியூட்ட வேண்டும் என்று முடித்தான். கை தட்டினார்கள். நாமும் தட்டினோம்.

திரையில் ஒரு படம் விழுந்தது. பிள்ளைக் காம்பராவின் வாசல். தோட்டத்தின் பெயர் இல்லை, முகங்களும் மறைக்கப்பட்டிருந்தன. அது முறைதான். எனினும் அந்த வாசற்படியை நாம் அறிவோம். அதிலே நின்ற பெண்களையும் அறிவோம். அவர்களுள் ஒருவரும் அம்மண்டபத்தில் இல்லை. அந்நேரம் அவர்கள் மலையிலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இடைவேளையில் தேநீர் தந்தார்கள். தேநீர் அருமையாக இருந்தது. ஊவாத் தேயிலை அல்லவா! கோப்பையும் கையுமாக நின்ற மாணவனிடம் கேட்டோம்: "தம்பி, கண்டதையெல்லாம் அந்தத் தோட்டத்து ஆட்களிடம் சொன்னாயா?"

சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சம்மதப் பத்திரம் தமிழ்லதான் குடுத்தோம், சேர்" என்றான்.

கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. ஆனால் அவன் தன்னை அறியாமலே உள்ளதைச் சொல்லிவிட்டான். மனிதரை வைத்து ஆராய்ச்சி செய்வதற்கு இன்று ஒழுக்கவியற் குழுவின் அனுமதி வேண்டும். நோக்கம் இன்னது, விருப்பமில்லாவிடில் விலகிக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதிக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும். நல்ல விதி. நாஜி வைத்தியர்கள் சிறைப்பட்டோரின் உடல்களில் நடத்திய கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947 இல் நூரம்பேர்க்கில் வகுத்த நெறிகளிலிருந்து வளர்ந்த விதி அது. ஆகவே பிள்ளையை அளப்பதற்குத் தாயிடம் அனுமதி கேட்கும்போது தமிழ் தேவைப்படுகிறது. அளந்து, எண்ணி, உண்மை இன்னதெனத் தெரிந்த பின்னர் தமிழ் தேவைப்படுவதில்லை. வாங்குவதற்கு ஒரு மொழி, வழங்குவதற்கு வேறொரு மொழி!

விதி இதற்கும் இல்லாமலில்லை. உலக வைத்திய சங்கம் 1964 இல் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டது. ஆராய்ச்சிக்கு உட்பட்டோருக்கு அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்பதும் அத்திருத்தங்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் கையொப்பம் பெறாவிட்டால் ஆராய்ச்சி தொடங்காது. முடிவைச் சொல்லாவிட்டால் எதுவும் நின்றுவிடாது. தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள விதி நடக்கிறது, மற்றது ஏட்டில் உறங்குகிறது.

இவ்வளவுக்கும் அந்த முடிவு அவர்களுக்கு எதற்கு? அளந்தவன் வைத்தியன், வைத்தியம் பார்ப்பவனும் அவனே. அவனுக்குத் தெரிந்தாற் போதாதா? இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. விடை தேடுகையில் ஒரு தாயின் பேச்சு நினைவுக்கு வருகிறது.

நம் பள்ளிக்கூடத்தில் ஆறாந் தரத்துச் சிறுமி ஒருத்தி. பார்த்தால் நாலாந் தரத்துப் பிள்ளை என்றே சொல்வீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயிடம், பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "எங்க வம்சமே கட்டைதான், சேர். இவ மட்டும் எப்புடி ஒசருவா?" என்றாள். நாமும் சிரித்தோம். சிரித்ததற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வுகளின் கணக்கு இது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2006-07 இலும் 100க்கு 17 பேர், 2016 இலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் 2006-07 இல் 100க்கு 40 பேர். 2016 இல் ஏறத்தாழ 32 பேர். தோட்டத்துப் பிள்ளை நாட்டின் ஏனைய பிள்ளைகளைவிட எவ்வளவு பின்தள்ளப்பட்டிருக்கிறது என்பதை முதலிற் காண்கிறோம். அதனினும் முக்கியமானது மற்றது. பத்தாண்டிற்குள் 40 என்பது 32 ஆயிற்றே, பத்தாண்டிலே ஒரு வம்சம் மாறிவிடுமா? மரபணு மாறிற்றா? மாறியது சோறு, மாறியது தண்ணீர், மாறியது கர்ப்பிணிக்குக் கிடைத்த கவனிப்பு. இவற்றுள் எது எவ்வளவு என்று வைத்தியர்கள் வாதிடட்டும், வம்சம் அன்று என்பதிலே வாதமில்லை. தாய் குள்ளமாயிருந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயின் அத்தாய் ஏன் குள்ளமானாள் என்று கேட்டால் அவளுடைய தாயின் வயிற்றுக்குப் போகவேண்டும். அங்கிருந்து பாட்டியின் வயிற்றுக்கு. வம்சம் என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னது நாலைந்து தலைமுறைப் பட்டினியின் கணக்கு.

இந்தக் கணக்குக் கொழும்பிலே ஆங்கிலப் புத்தகமாக இருக்கிறது. அந்தத் தாய் லயத்திலே சிரித்துக்கொண்டிருக்கிறாள். புத்தகம் அவளைச் சேரும்வரை அவளுக்கு அது விதி. சேர்ந்த அன்று அது அநீதி. விதியை எவரும் எதிர்த்து மனுக் கொடுப்பதில்லை. எனவே முடிவைச் சொல்லாதிருப்பவர் ஏதோ ஒரு தகவலைத் தாமதிக்கிறார் என்பதோடு காரியம் முடியவில்லை. ஒருத்தியைத் தன் துன்பத்துக்குத் தன் இரத்தமே காரணம் என்று நம்பியிருக்க விடுகிறார்.

ஆராய்ச்சியாளர் ஒருவர் இதற்கு இப்படி விடை சொல்லக்கூடும்: "பிள்ளையின் உயரம் அறிவன்று. அது வெறும் எண். ஆயிரம் எண்களைச் சேர்த்து, பிழை நீக்கி, ஒப்பிட்டு அறிவாக்கியது எங்கள் உழைப்பு. ஆகவே அறிவு எங்களுடையது. நாங்கள் பகிர்ந்தால் அது எங்கள் பெருந்தன்மை." இவ்வாதத்தைத் தோட்டத்துக்கு வெளியே எவரும் கேட்டால் நியாயமென்றே படும். தோட்டத்திலே பிறந்தவனுக்கு இது கேட்ட குரல். செடியிலிருக்கும் கொழுந்து தேயிலையன்று. வாட்டி, அரைத்து, நொதிக்கவைத்து, உலர்த்தித் தேயிலையாக்கியது எங்கள் தொழிற்சாலை. ஆகவே விலை எங்களுடையது என்று நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட வாதமல்லவா இது? கொழுந்து எடுத்தவளுக்கு அங்கே கூலியாவது உண்டு. இங்கே, பிள்ளையை அளப்பதற்குக் கொண்டுவந்த அன்று மலைக்கு நேரத்துக்குப் போகாததால் அரைப்பேர் விழுந்ததுதான் மிச்சம். குடும்பத்துக்கு ஒரு மாணவனை அனுப்பிக் கற்பிக்கும் முறையைச் சற்றுமுன் புகழ்ந்தோமே, அங்கும் இதே கேள்வி உண்டு. தன் வீட்டை வகுப்பறையாக்கித் தன் நோயைப் பாடமாக்கித் தந்த குடும்பத்தலைவி அம்மாணவனின் ஆசிரியர்களுள் ஒருத்தி. அவளை எந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தார்கள்?

தேயிலைக்கும் அறிவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அது அறிவைப் பூட்டிவைப்பவருக்குப் பாதகமானது. ஒருவர் குடித்த தேநீரை மற்றவர் குடிக்க முடியாது. தேயிலையைத் தனக்கென வைத்துக்கொள்பவர், பங்கிட்டாற் குறைந்துவிடும் என்றாவது சொல்லலாம். அறிவைப் பங்கிட்டு ஏழையானவர் எவருமில்லை. ஆகவே இதனைப் பெருந்தன்மை என்பதிலும் கடன் என்பதே பொருந்தும். கொடுத்தால் குறையாத கடனைத் திருப்பிக் கொடாதிருப்பதற்கு என்ன காரணம்?

காரணம் அறியச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும். 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு அன்று தோட்டங்களிலே மலிந்திருந்தது. உடல் வெளிறி, மூச்சிரைத்து, மலையேற இயலாமல் நின்றவனைச் சோம்பேறி என்று ஏசினார்கள். அப்புழு எவ்வழியாக உடலில் ஏறுகிறது என்பது அதற்கு முன்னரே விஞ்ஞானத்துக்குத் தெரியும். 1898 அளவில் கெய்ரோவிலே ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், தம் கையில் தற்செயலாகச் சிந்திய நீரிலிருந்த நுண்புழுக்கள் தோலைத் துளைத்து உட்சென்றதைக் கண்டறிந்தார். மலம் கலந்த ஈரமண், அதன்மேல் வெறுங்கால்: இவ்வளவுதான் வழி. ஊவாவின் மழைக்காலத்துத் தேயிலை மலையைக் கண்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இயக்கத்தினர் ஆட்களை நிரையாக நிறுத்திக் கீனோபோடியம் எண்ணெய் கொடுத்தனர். புழு விழுந்தது. ஆட்கள் மீண்டும் அதே மண்ணிலே அதே வெறுங்காலோடு நடந்தனர். புழு மீண்டும் ஏறிற்று. மலகூடம் கட்டாமல் மருந்து கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பது போன்றது என்பது வைத்தியருக்குத் தெரிந்தே இருந்தது, அறிக்கைகளிலும் எழுதினார்கள். ஆனால் மருந்துக்குத் தலையசைத்த துரைமார் மலகூடத்துக்கு அவ்வளவு விரைவாகத் தலையசைக்கவில்லை. மருந்து, ஆளை விரைவில் வேலைக்கு அனுப்பும். மலகூடம், தோட்டத்தின் பணத்தைக் கேட்கும். துரைக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், நியூயோர்க்கிலே அறிக்கையைப் படித்தவருக்கும் தெரியும். தெரியாதவன் நிரையிலே நின்று எண்ணெயைக் குடித்தவன் ஒருவனே. அவனுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் மலகூடம் வந்திருக்குமா என்று கேட்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று அவனுக்குச் சங்கமில்லை; நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தது 1931 இல். ஆயினும் எதைக் கேட்பது என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். கசப்பு எண்ணெயைக் குடிக்கமாட்டேன் என்று ஓடி ஒளிவதற்கும், எண்ணெய் போதாது, மலகூடம் கட்டு என்று நிற்பதற்கும் இடையிலுள்ள தூரம் இந்த ஒரு செய்திதான்.

மருந்து மட்டும் போதாது, சுற்றாடலும் கல்வியும் வேண்டும் என்ற பாடத்தை வைத்திய உலகம் இவ்வனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டது. 1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாது, பொதுச்சுகாதாரப் பரிசோதகர் என்று இன்று உலகம் மெச்சும் அமைப்பு அங்கிருந்து நாடெங்கும் படர்ந்தது. தோட்டங்களின் சுகாதாரமோ பல பத்தாண்டுகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டது. பாடம் படித்தது தோட்டத்து உடம்பில். பயன் முதலிற் சென்றது வேறிடம். கிராமத்துச் சிங்களத் தாய் பெற்றதைக் கண்டு நமக்குப் பொறாமையில்லை. அவளும் ஏழைதான், அவளுக்கும் அது பிந்தியே கிடைத்தது. நாம் கேட்பது கடன் கொடுத்தவனை மறந்தது ஏன் என்பதுதான். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியபின் மறப்பது இன்னும் எளிதாயிற்று. வாக்கில்லாதவனுக்கு அறிக்கை சமர்ப்பிப்பார் யார்?

1978 செப்ரெம்பரில் அல்மா-ஆட்டாவிலே, அன்றைய சோவியத் கஸகஸ்தானில், உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புப் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டன. தமக்கான பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று அதிலே ஒப்புக்கொள்ளப்பட்டது. திட்டமிடுகிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா? பதுளை மாநாட்டிலும் அப்பிரகடனத்தின் பெயர் இருமுறை காதில் விழுந்தது.

மறுப்புகளையும் கேட்போம். முதிய வைத்தியரிடம் இதுபற்றிப் பேசியபோது அவர் சொன்னது நியாயமானது. ஓர் ஆராய்ச்சி முடிந்த உண்மையன்று. நாளை இன்னொன்று அதனை மறுக்கலாம். அரைகுறையாக வெளியே சொன்னால் மக்கள் அஞ்சுவர், அல்லது மயங்குவர். 2020 டிசம்பரில் கேகாலையிலே கொரோனாவைத் தீர்க்கும் பாணி என்று ஒன்றைக் கொடுக்க, ஆயிரக்கணக்கானோர் நோய்ப் பயத்தையும் மறந்து முண்டியடித்து நின்றதை நாம் மறக்கவில்லை. சோதித்தறியாத செய்தி தீங்கானது. ஆகவே முதலில் அறிந்தோர் சபையிலே வைத்துச் சோதிப்பது சரியே. ஆனால் இது எதனை முதலிற் செய்வது என்பதற்கான நியாயம். இரண்டாவதைச் செய்யாமலே விட்டுவிடுவதற்கான நியாயமன்று. பாணிக்காக மக்கள் ஓடியது அவர்களிடம் அதிகம் சொல்லப்பட்டதாலா, போதுமான அளவு சொல்லப்படாததாலா?

இன்னொரு காரணத்தை எவரும் மேடையிலே சொல்லவில்லை. தாயிடம் பெற்றது கையொப்பம். தோட்டத்துக்குள் நுழைய அனுமதி பெற்றது துரையிடம். முடிவு தோட்டத்துக்குக் கசப்பாயிருந்து, அதை லயத்திலே சொல்லியும் விட்டால், அடுத்த முறை வாயிற்கதவு திறக்குமா? இளம் ஆராய்ச்சியாளனின் நாவை இந்த அச்சம் கட்டிப்போடுகிறது. 1916 இன் மௌனத்துக்கும் இன்றைய மௌனத்துக்கும் உறவு இங்கேதான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.

அவர்களுக்கு விளங்காது என்ற மறுப்புக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. இதே பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்திலே 1940 இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடக்க வேண்டும் என்று துரையை இணங்கவைத்தனர். தோட்டத்தை நடத்தும் யோசனை விளங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் பிள்ளையின் உயரம் விளங்காதா? தமிழில் சொல்ல முடியாது என்போருக்கு மானிப்பாயைக் காட்டலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கு மேற்பட்டோருக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்து, அவர்களுட் பலரைத் தமிழிலேயே பயிற்றி வைத்தியராக்கினார். 'இரண வைத்தியம்' 1867 இலும் 'கெமிஸ்தம்' 1875 இலும் அச்சேறின. அறுவைச் சிகிச்சையைச் சொல்லிய தமிழுக்குப் பாலூட்டலைச் சொல்ல வராதா?

வேறு வழி உண்டு என்பதற்கு வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்று சாட்சி. கிளின்கோரக் என்பது அதன் பெயர். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் 1960களின் தொடக்கத்தில் அங்கே சென்று பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் பொதுவுடைமைவாதி, 2018 இல் காலமானார். வைத்தியம் மிகவும் வேண்டியவர்களுக்கே அது மிகவும் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் ஆட்சி எங்கே மிகுதியோ அங்கே இக்கொடுமையும் மிகுதி என்று 1971 இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. நோயாளர் வரட்டும் என்று காத்திராமல் கிராமத்தின் வளர்ந்தோர் அனைவரின் குருதி அமுக்கத்தையும் அளக்க முயன்றவர் அவர். அளந்தவர் அங்கேயே குடியிருந்தார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அளக்கப்பட்டவன் மறுநாள் தெருவிலே மறித்துக் கேட்பான். சுரங்கத் தொழிலாளியும் வைத்தியனும் சேர்ந்து உடல்நலத்தை உண்டாக்குகிறார்கள், நோயாளி வாங்கிப் போகும் வாடிக்கைக்காரனல்லன் என்பது அவருடைய கொள்கை. இது நமக்குப் புதியதன்று. வைத்தியத்தின் நாலு கூறுகளை எண்ணும் வள்ளுவர், நோயாளியையே முதலில் வைத்து, வைத்தியனை அடுத்து வைக்கிறார்.

இவ்வளவும் எழுதியபின், மாணவனைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிட்டு நாம் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்துவிட முடியாது. பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்த காலத்தில் தோட்டத்து ஒப்பாரிகளைத் திரட்டி ஆய்வுக் கட்டுரை எழுதினோம். அவற்றுட் பெரும்பகுதியைத் தந்தவர் நம் லயத்துக்கு மேல் லயத்திலிருந்த மூதாட்டி ஒருவர். அம்மாயி என்று அழைப்போம். மூன்று இரவுகள் அடுப்படியிலே அமர்ந்து, இறந்துபோன கணவனையும் இரு பிள்ளைகளையும் மீண்டும் அழுது பாடித் தந்தார். நாம் எழுதிக்கொண்டோம். கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளி வேலைக்கும் உதவிற்று. அதன்பின் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மாயி கேட்பார்: "அந்தப் பாட்டெல்லாம் பொஸ்தகமா வந்துச்சா, தம்பி?" வரும், அம்மாயி என்போம். ஒரு பிரதியை எடுத்துச் சென்று அவருக்கு வாசித்துக் காட்ட நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. அவருக்கு ஒப்பாரி சொன்னவர்கள் யாரென்றும் தெரியாது. செத்த வீட்டுக்குக்கூட நாம் போகவில்லை. கட்டுரை எங்கோ ஒரு நூலக அலுமாரியில் இருக்கிறது. சித்தரின் பரிபாஷையைப் பற்றி மேலே நாம் எழுதியதை இப்போது மீண்டும் படிக்க மனம் கூசுகிறது.

இதை மாணவனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரங்கழித்து, "ஞாயித்துக்கிழமை போவமா, சேர்?" என்று கேட்டான்.

போனோம். பிள்ளைக் காம்பராவில் இருபது பெண்கள் வரை கூடியிருந்தனர். ஆண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றனர். மாணவன் தொடங்கியதும் வாயிலே பாடப்புத்தகத் தமிழ் வந்தது. 'வளர்ச்சிக் குறைபாடு' என்றான். ஒருத்தி இடைமறித்து, "அப்ப புள்ள ஒசரல, அதானே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அதன்பின் அவனுக்கும் தன் தாய் பேசிய தமிழ் நினைவுக்கு வந்துவிட்டது. வம்சமில்லை என்பதைச் சொன்னான். கணக்கைச் சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவி மட்டும், "அப்ப எங்க ஆத்தாளும் கட்டையில்லையா?" என்று எவரையும் நோக்காமல் கேட்டாள்.

பாலூட்டல் பற்றி அவன் தொடங்கியபோது மெலிந்த பெண் ஒருத்தி எழுந்தாள். மடியில் கைக்குழந்தை. "டாக்டர் தம்பி, நாளைக்கு எத்தன தடவ பால் குடுக்குறேன்னு அன்னைக்குக் கேட்டீங்க. ரெண்டு தடவன்னு சொன்னேன், எழுதிக்கிட்டீங்க. மேமலையில கொழுந்து எடுக்குற அன்னைக்கு எறங்கி வர முடியுமான்னு கேக்கலியே?"

மாணவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அந்தக் கேள்வி அதில் இல்லை. மேமலை எவ்வளவு தூரம் என்று கேட்டான். ஒருத்தி ஒரு கட்டை என்றாள். ஏற்றத்தைச் சேர்த்தால் இரண்டு கட்டை என்றாள் மற்றொருத்தி. இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு ஏறிப்போனால் கொழுந்து நிறை குறையும், குறைந்தால் பேர் குறையும் என்று மூன்றாமவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவளுடைய கணக்கிலே பிழையில்லை. பால் கொடுக்க வேண்டும் என்பது அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. அறிவு போதாமை என்று மண்டபத்திலே நாம் கை தட்டிய முடிவு, அந்தக் காம்பராவின் சிமெந்துத் தரையிலே அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. மாணவன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். மலையின் பெயர், தூரம், இறங்க ஆகும் நேரம், ஏற ஆகும் நேரம், குறையும் கிலோ. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினான்.

எழுதி முடிந்ததும் முன்னே கேட்ட அதே பெண் மீண்டும் கேட்டாள்: "இத தொரகிட்ட சொல்லுவீங்களா, தம்பி?"

மாணவன் நம்மைப் பார்த்தான். அடுத்த ஆராய்ச்சிக்கும் அனுமதி அங்கேதான் கேட்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரமும் சென்ற ஆண்டு தோட்டத்து நிர்வாகம் தந்ததே. கைக்குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.